டேங்க் கேம் திரும்பி வந்த கதை

90களில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பள்ளிக்கூடம் போன யாரையாவது பிடித்து "வீடியோ கேம்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் மாரியோ என்பார்கள். அடுத்து காண்ட்ரா. மூன்றாவதாக, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "அந்த டேங்க் கேம்!" என்பார்கள். கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதிச் செருகிய கதையும் கூடவே வரும். (ஊதியதால் எதுவும் சரியாகவில்லை. கழற்றி மாட்டியதில் செப்புத் தகடுகள் ஒழுங்காக உட்கார்ந்தன, அவ்வளவுதான். எச்சில் பட்டுத் தகடு கறுத்ததுதான் மிச்சம்!)

அந்த டேங்க் கேமின் உண்மையான பெயர் பேட்டில் சிட்டி. ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1985ல் வெளியிட்டது. மொத்த விளையாட்டும் 24 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குள் இது போல நூறு விளையாட்டை அடைக்கலாம். இது 2020 ஜூன் மாதம் நாம்கோ மியூசியம் ஆர்க்கைவ்ஸ் என்ற தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் கம்ப்யூட்டருக்கும் புதிய கன்சோல்களுக்கும் மறுபடி வந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2019 ஜூனில், கோனாமி தன் காண்ட்ரா விளையாட்டுகளைத் தொகுத்து விற்றது. இரண்டுக்கும் வேலை பார்த்தது எம்டூ என்ற ஜப்பானிய நிறுவனம். பழைய விளையாட்டுகளைப் புதிய இயந்திரத்தில் ஓட வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்.

சென்னையில் அந்த டேங்கை ஓட்டி வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு, முறையாகக் காசு கொடுத்து அதை வாங்க வழி கிடைத்தது இந்த 2020ல்தான். அதுவரை அது எப்படி இங்கே வந்தது? அது ஒரு தனிக் கதை.

ஜப்பானில் நின்டென்டோவின் ஃபாமிகாம் 1983 ஜூலையில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவுக்குப் போனபோது அதற்கு என்.இ.எஸ். என்று பெயர் மாற்றி, உள்ளே ஒரு பூட்டு சிப்பையும் வைத்தார்கள். நின்டென்டோ அனுமதித்த கேசட் மட்டும்தான் அதில் ஓடும். ஆனால் ஜப்பானிய ஃபாமிகாமில் அந்தப் பூட்டு கிடையாது. பூட்டாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் இல்லையா? தைவானில் அதன் சிப்புகளை அப்படியே நகல் எடுத்தார்கள். பிறகு அத்தனை சிப்பையும் ஒன்றாக்கி, மேலே கறுப்புப் பிசின் ஒரு பொட்டு வைத்து, ஒரே துண்டாக விற்றார்கள். உலகம் முழுக்க ஆசியா, ரஷ்யா, தென் அமெரிக்கா என்று பரவியது இந்தப் பெட்டிதான். ரஷ்யாவில் அதன் பெயர் டென்டி. இந்தியாவில் லிட்டில் மாஸ்டர், விஸ் கிட் என்று பல பெயர்கள். ஜப்பானிய அளவு கேசட் போடும் பெட்டி என்பதால்தான், அமெரிக்காவில் அந்தக் காலத்தில் வெளியாகவே செய்யாத பேட்டில் சிட்டி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

முறையான வழியும் இருந்தது. நின்டென்டோ பெட்டி சாமுராய் என்ற பெயரில் இந்தியாவில் விற்கப்பட்டது. சேகாவின் மெகா டிரைவை ஷா வாலஸ் நிறுவனம் 1995ல் கொண்டு வந்தது. 80 சதவீத இறக்குமதி வரியைத் தவிர்க்கத்தான் உள்ளூர் நிறுவனத்தோடு கூட்டு. அப்படியும் விலை 18,000 ரூபாய்! அன்றைய குமாஸ்தா வீட்டில் அது பல மாதச் சம்பளம். பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் கிடைத்த பெட்டி அதைவிடப் பல மடங்கு மலிவு. இதில் அப்பாக்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று காமர்ஸ் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. திருட்டு நகல் இங்கே அசல் சந்தையைக் கெடுத்தது என்று சொல்வதைவிட, அசல் சந்தை என்று ஒன்று உருவாகவே இல்லை என்பதுதான் சரி.

பெட்டிக்குள் நகல் எடுத்தது ஒரு வழி. இன்னொரு வழி 90களின் பிற்பாதியில் கம்ப்யூட்டரில் தொடங்கியது. அதுதான் எமுலேஷன்.

இதைப் புரிந்துகொள்ள பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உ.வே.சாமிநாதையர் சுவடியைத் தேடிப்பிடித்து, பாடம் ஒப்பிட்டு, 1887ல் சீவக சிந்தாமணியை அச்சுப் புத்தகமாக்கினார். சுவடி வேறு, புத்தகம் வேறு. ஒரு பழைய விளையாட்டைப் புதிய கன்சோலுக்காகத் திரும்ப எழுதுவது அந்த மாதிரி. எமுலேஷன் அப்படி இல்லை. சுவடியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், பழைய எழுத்தைப் படிக்கப் புதிய ஆளுக்குக் கற்றுக்கொடுப்பது போல. கேசட்டில் இருந்த 24 கிலோபைட்டும் அப்படியே இருக்கும். அதைச் சுற்றி, "நான்தான் 1983ல் செய்த ஃபாமிகாம்" என்று நடிக்கும் ஒரு மென்பொருள் ஓடும். அசல் இயந்திரத்தின் மூளை வினாடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்பு. நினைவகம் 2 கிலோபைட். திரையில் ஒரே வரிசையில் 8 பொம்மைக்கு மேல் வந்தால் ஒன்பதாவது மறைந்துவிடும். அதனால்தான் கூட்டமாக எதிரிகள் வரும்போது படம் மினுக்கும். நல்ல எமுலேட்டர் அந்தக் குறையையும் சேர்த்தே நடித்துக் காட்ட வேண்டும். சில விளையாட்டுகள் அந்தக் குறையை நம்பியே எழுதப்பட்டவை!

இந்த நடிப்பை முதலில் பழகியவர்கள் பெரிய நிறுவனங்கள் இல்லை, பெரும்பாலும் பொழுதுபோக்காக எழுதிய இளைஞர்கள். மாரட் ஃபைசுலின் எழுதிய ஐநெஸ் 1996ல் வந்தது. 1997 பிப்ரவரியில் இத்தாலியின் நிக்கோலா சல்மோரியா வெளியிட்ட மேம், கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திரங்களுக்கானது. கேசட்டிலிருந்து நகலெடுத்த கோப்புகள் சிடியில் ஏறி எல்லா ஊருக்கும் போயின. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 40 கிலோபைட்தான். ஒரு பழைய ஃப்ளாப்பியிலேயே 35 முறை பதியலாம்.

நிறுவனங்கள் சும்மா இருக்குமா? எமுலேட்டர்களைத் தங்கள் உரிமைக்கு வந்த மிகப்பெரிய ஆபத்து என்கிற அளவுக்கு நின்டென்டோ தன் இணையதளத்தில் வருடக்கணக்காக எழுதி வைத்திருந்தது. சோனி நீதிமன்றத்துக்கே போனது. பிளேஸ்டேஷன் விளையாட்டை மேக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளை கனெக்டிக்ஸ் நிறுவனம் 1999ல் விற்றது. சோனி வழக்குப் போட்டது. 2000 பிப்ரவரியில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஒரு இயந்திரம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்து, அதே போல நடந்துகொள்ளும் வேறொன்றைச் சொந்தமாக எழுதினால் அது திருட்டு இல்லை. தோற்ற சோனி என்ன செய்தது தெரியுமா? 2001ல் அந்த மென்பொருளை விலைக்கு வாங்கி மூடிவிட்டது. அதே வழியில் வந்த ப்ளீம் என்ற இன்னொரு நிறுவனம் சோனிக்கு எதிராக நீதிமன்றத்தில் தாக்குப்பிடித்தும், வக்கீல் செலவிலேயே நொடித்து 2001ல் கடையைக் கட்டியது.

இந்தியச் சட்டமும் இதில் பின்தங்கி இல்லை. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 52வது பிரிவில் 1999ல் செய்த திருத்தம், ஒரு மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வதையும், அதோடு ஒத்துப்போகும் இன்னொன்றை எழுதத் தேவையான தகவலைப் பெறுவதையும் மீறல் இல்லை என்கிறது. எமுலேட்டர் வேறு, அதில் ஓடும் விளையாட்டின் நகல் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி "எல்லாம் திருட்டு" என்பது தவறு. "எல்லாம் இலவசம்" என்பதும் தவறு.

இனிமேல்தான் வேடிக்கை. 2006 நவம்பரில் வந்த வீ கன்சோலில் நின்டென்டோவே தன் பழைய விளையாட்டுகளை ஒன்று 5 டாலர் என்று விற்க ஆரம்பித்தது. விர்ச்சுவல் கன்சோல் என்று பெயர். உள்ளே இருந்தது எமுலேட்டர்தான்! அப்படி விற்ற மாரியோவின் கோப்பைப் பிரித்துப் பார்த்தால், தொடக்கத்தில் 16 பைட் அளவுக்கு ஐநெஸ் முத்திரை. பொழுதுபோக்கு எமுலேட்டர்காரர்கள் உருவாக்கிய அதே முத்திரை. விளையாட்டு வரலாற்று ஆய்வாளர் ஃபிராங்க் சிஃபால்டி 2016ல் இதை மேடை ஏறிக் காட்டியபோது, நின்டென்டோ தன் விளையாட்டைத் தானே இணையத்திலிருந்து இறக்கிவிட்டது என்று பலர் சிரித்தார்கள். ஆனால் அந்த வடிவத்தோடு முன்பே தொடர்புடைய எமுலேட்டர்காரர் ஒருவர் நின்டென்டோவில் வேலைக்குச் சேர்ந்திருந்தார் என்பதும் பிறகு தெரிந்தது. கதை அவ்வளவு நேரானது இல்லை. எப்படிப் பார்த்தாலும் வித்தை வந்தது வெளியிலிருந்துதான்.

சோனி இன்னும் ஒரு படி மேலே போனது. 2018 டிசம்பரில் 20 விளையாட்டுகளோடு பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற குட்டிப் பெட்டியை 100 டாலருக்கு விற்றது. அதற்குள் ஓடியது பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு. தன்னார்வலர்கள் எழுதி, மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்த எமுலேட்டர். 1999ல் யாரை நீதிமன்றத்துக்கு இழுத்தார்களோ, அவர்களின் வாரிசுகள் எழுதியது என்றே சொல்லலாம். அந்தப் பெட்டி நன்றாகவும் இல்லை. 20ல் 9 விளையாட்டு ஐரோப்பியப் பதிப்பு, மெதுவாக ஓடியது.

இந்த மெதுவு சென்னைக்கு முக்கியமானது. கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இருந்த பால் முறையில் 50 முறை. அந்தக் காலத்து விளையாட்டுகள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, படத்தை எண்ணித்தான் நகரும். அதனால் 60க்கு எழுதிய விளையாட்டு 50ல் ஓடினால் சுமார் 17 சதவீதம் மெதுவாகும். பால் நாடுகளுக்குப் போன தைவான் பெட்டிகள் இந்த விஷயத்தில் தனி ரகம். நல்ல எமுலேட்டர்களில் ஜப்பான், ஐரோப்பா என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் "டென்டி" என்று ஒரு மூன்றாவது வழியும் இருக்கும், இவற்றுக்காகவே. நாம்கோ 2020ல் விற்றது ஜப்பானிய வேகம். அதை வாங்கி ஆடும் சென்னைக்காரருக்கு டேங்க் என்னவோ அவசரமாக ஓடுவது போலத் தோன்றினால், வயதைக் குறை சொல்ல வேண்டாம். நிஜமாகவே வேகம்தான் :-)

விற்பனைக்கு வருவோம். பழைய சரக்கைப் புதிதாக விற்பது நமக்குத் தெரியாத வியாபாரம் இல்லை. 1964ல் வந்த கர்ணன் 2012 மார்ச்சில் டிஜிட்டலாகத் திரும்பி வந்தபோது தியேட்டரில் கூட்டம் அள்ளியது. நின்டென்டோ 2016ல் 30 விளையாட்டுகளோடு விட்ட குட்டி என்.இ.எஸ். 60 டாலர். நிறுத்துவதற்குள் 23 லட்சம் பெட்டிகள் விற்றன. ஆனால் எமுலேஷன் மறுவெளியீட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீ கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. அடுத்த கன்சோலின் கடை 2023 மார்ச்சில். 2018 செப்டம்பரிலிருந்து நின்டென்டோ பழைய விளையாட்டுகளை சந்தா கட்டினால்தான் காட்டுகிறது. முன்பு கேசட் உங்கள் அலமாரியில் இருந்தது. பிறகு கோப்பு உங்கள் கணக்கில் இருந்தது. இப்போது வாடகை.

வாடகைக்காவது கிடைக்கிறதே என்றால், அதுவும் கொஞ்சம்தான். அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த விளையாட்டுகளில் 1,500க்கு மேல் மாதிரி எடுத்து ஒரு வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் கணக்குப் பார்த்தது. காசு கொடுத்து வாங்கக் கிடைப்பவை 13 சதவீதம். மீதி 87? உரிமை யாரிடம் என்றே தெரியாதவை, மூடிய நிறுவனங்களுடையவை, விற்றால் லாபம் வராதவை. லாபம் வராததை எந்த நிறுவனமும் காப்பாற்றாது. அதைக் குற்றம் என்றும் சொல்ல முடியாது, அது அவர்கள் வேலை இல்லை. வேறு யாருடைய வேலை? இந்தியாவில் அச்சாகும் புத்தகத்தின் ஒரு பிரதி 1954 சட்டப்படி எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். சினிமாவுக்கு புனேயில் 1964ல் ஆவணக் காப்பகம் வந்தது. வீடியோ கேமுக்கு அப்படி ஒரு அலமாரி இங்கே இல்லை. அமெரிக்காவிலும் நூலகங்கள் பழைய விளையாட்டுகளைத் தொலைவிலிருக்கும் ஆய்வாளருக்குக் காட்ட அனுமதி கேட்டன. 2024 அக்டோபரில் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. அதே 2024ல் ஆப்பிள் தன் கடையில் பழைய விளையாட்டு எமுலேட்டர்களுக்குக் கதவைத் திறந்தது. யூசு என்ற எமுலேட்டரை எழுதியவர்களோ நின்டென்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். அது கடையில் விற்றுக்கொண்டிருந்த கன்சோலை நடித்துக் காட்டியது என்பதால் அதைப் பழைய விளையாட்டோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை.

கடைசியாக டேங்குக்கே வருவோம். சென்னையில் பலர் ஆடியது சரியாகச் சொன்னால் பேட்டில் சிட்டி இல்லை. "இத்தனை இன் 1" கேசட்டுகளில் இருந்தது டேங்க் 1990 என்ற திருத்திய நகல். யாரோ நாம்கோவின் நிரலைப் பிரித்து, கட்டங்களை மாற்றி, தலைப்பை மாற்றி, அசலில் இல்லாத சில பரிசுகளையும் சேர்த்திருந்தார்கள். அதில் ஒன்று கப்பல். அதை எடுத்தால் டேங்க் தண்ணீர் மேலேயே போகும். அந்த நகலை நாம்கோ வெளியிடாது, அது அவர்கள் எழுதியதில்லை. செய்தவர்களும் வெளியிட முடியாது, அடிப்படை அவர்களுடையது இல்லை. இன்று அது இருப்பது இணையத்தில் சுற்றும் கோப்புகளிலும், பரணில் கிடக்கும் கேசட்டுகளிலும்தான். 2020 தொகுப்பை வாங்கியவர்கள் 35 கட்டங்களையும் முடிக்கலாம், செங்கல் அடுக்கிச் சொந்தமாகக் கட்டம் கட்டலாம். கப்பல் மட்டும் வராது.