அன்ரெனாவை அளந்தவர்கள்: ஒரு சிறு வரலாறு

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை தென்னிலங்கைக் கரையோரத்தைச் சூறையாடியபோது தொலைபேசிகள் மௌனித்தன. விக்டர் குணத்திலக்க உள்ளிட்ட அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலை வழியாகத் தொடர்பை ஏற்படுத்தினர். அத்தகைய வேளையில் மின்கலத்தின் ஒவ்வொரு வாற்றும் பெறுமதியானது. அவசரமாகக் கட்டிய கம்பி சரியாக இயங்குகிறதா என்பதை எவ்வாறு அறிவது? இக்கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

அனுப்பும் வலுவில் ஒரு பகுதி அன்ரெனாவிலிருந்து திரும்பி வருவதுண்டு. அதனைக் காட்டுவதே நிலையலை விகிதம். அது 1 ஆக இருப்பின் நன்று. 3 ஆகிவிட்டால் அன்ரெனாவை அடையும் வலுவில் 25 வீதம் திரும்பிவிடும். 1939 இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிலிப் ஸ்மித் வெளியிட்ட வட்ட வரைபடம், இக்கணக்கைக் காகிதத்திலேயே தீர்க்க வழிசெய்தது. ஆயினும் சாதாரண வானொலியாளர் நெடுங்காலம், ஒலிபரப்பியை இயக்கியவாறே மீற்றரின் முள்ளைப் பார்க்க வேண்டியிருந்தது.

1990களில் அமெரிக்காவின் எம்.எப்.ஜே. நிறுவனத்தின் 259 ஆம் இலக்க அனலைசர் இந்நிலையை மாற்றியது. தானே சிறு சமிக்ஞையை உண்டாக்கி அளக்கும் அக்கருவியைக் கையிலேந்தி மரத்தடிக்கே செல்லலாம். அந்நிறுவனம் 2024 இல் தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. அதற்கு முன்னரே, ஜப்பானியப் பொறியியலாளர் ஒருவர் வடிவமைத்த நனோ வி.என்.ஏ., 2019 முதல் மலிவான சீனப் பிரதிகளாக உலகெங்கும் பரவிவிட்டது.

கருவி மலிந்தது, பிழையோ இணைப்பிக்குள் குடிபுகுந்தது. சிற்றலைக் கருவிகள் பலவற்றில் 1930களின் பி.எல். 259 இணைப்பியே இன்றும் பொருந்துகிறது. நனோ வி.என்.ஏ.யிலோ 1960களின் எஸ்.எம்.ஏ. இணைப்பி. இரு காலங்களையும் இணைக்க அடப்டர் இன்றியமையாதது. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று, நான்கு அடப்டர்களைச் செருகுவது தவறு. 7 மெகாஹேட்ஸில் சில சென்ரிமீற்றர் நீளம் பொருட்டன்று. 430 மெகாஹேட்ஸில் கால் அலைநீளமே ஏறத்தாழ 17 சென்ரிமீற்றர். அங்கு அடப்டரே அளவீட்டைத் திரித்துவிடும்.

ஆகவே வாங்குவோர் முதலில் தமது அலைவரிசையைத் தீர்மானிக்கட்டும். பின்னர் எஸ்.எம்.ஏ.யிலிருந்து தமது கேபிளுக்கு நேரடியாகச் செல்லும் தரமான அடப்டர் ஒன்றைத் தேர்ந்து, அதனைக் கழற்றாது வைத்திருக்கட்டும். அடிக்கடி திருகினால் எஸ்.எம்.ஏ. விரைவில் தேயும். திறந்த முனை, குறுஞ்சுற்று, 50 ஓம் சுமை ஆகிய மூன்றையும் கொண்டு செய்யும் அளவுதிருத்தத்தை, கருவியின் வாயிலில் அன்றி அடப்டரின் மறுமுனையில் செய்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 50 ஓம் தடையொன்றைப் பொருத்தினாலும் விகிதம் 1 என்றே காட்டும். ஆனால் அதன் குரல் அடுத்த ஊரையும் எட்டாது. எண்ணைப் பார்த்துத் திருப்தியடையாமல், மறுமுனையில் எவராவது கேட்கிறாரா என்று அழைத்துப் பார்ப்பதே இறுதிச் சோதனை. பேரிடர் வருமுன் அதனைச் செய்து வைப்பதே அறிவுடைமை.