துருவ மீனைத் தேடிக் கோளரங்கத்திற்கு



நமது தோட்டங்களில் முன்பெல்லாம் கடிகாரம் ஆபீசில் இருக்கும். கிராணியார் வீட்டில் இருக்கும். லயத்தில் இருந்தவர்களுக்கு வானம்தான் கடிகாரம். விடிவெள்ளி எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்த்துத்தான் உலை வைத்தார்கள், பிள்ளையை எழுப்பினார்கள், பிரட்டுக்குப் புறப்பட்டார்கள். விடிவெள்ளி எல்லா மாதமும் தெரிவதில்லை. தெரியாத மாதங்களில் சேவலை நம்பினார்கள் போலும்!

சிலியாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த முதியோர்களிடம் கேட்டுப் பாருங்கள். அறுமீனைச் சொல்வார்கள், சப்தரிஷி மண்டலத்தைச் சொல்வார்கள். அந்த அறுமீனுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் 'பிந்தாங் தூஜோ', அதாவது ஏழு மீன். ஆறா ஏழா என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது.

ஆனால் ஒரு விண்மீனை மட்டும் இங்கே யாரும் காட்டித் தந்ததில்லை. அதுதான் துருவன். எங்களுக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் இதைப் பற்றி ஒரு கதை சொல்வார். அவருடைய தாயார், 1938இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்துவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். "ஊரிலே துருவன் நின்னான். கப்பல் வர வரக் கீழே இறங்கிக் கடைசியில் கடலிலே விழுந்துட்டான்" என்று மகளிடம் சொல்வாராம். சின்னப் பிள்ளைக்குச் சொன்ன கதை என்றே பாட்டி நெடுநாள் எண்ணியிருந்தார்.

அது கதையல்ல, கண்ட உண்மை. நிலநடுக்கோட்டிலிருந்து நாம் எத்தனை பாகை வடக்கே இருக்கிறோமோ, அத்தனை பாகை உயரத்தில்தான் துருவன் தெரியும். நாகப்பட்டினம் ஏறக்குறைய 11 பாகை. கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டி அளவு 10 பாகை வரும். ஆக, அங்கே துருவன் அடிவானத்திற்கு மேல் ஒரு முட்டி உயரத்தில் நிற்பான். சிரம்பானோ மூன்று பாகைக்கும் குறைவு; இரண்டு விரல் உயரம். அதை மலையும் மரமும் மூடுபனியும் மறைத்துவிடும். தெற்கே கப்பல் வரும்போது இரவுக்கு இரவு துருவன் தாழ்ந்ததை அந்தத் தாயார் மேல்தட்டிலிருந்து பார்த்திருக்கிறார்.

பாட்டியையும் பிள்ளைகளையும் ஒரு வாடகைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்திற்குப் போனதற்கு இதுதான் காரணம். தேசிய அரும்பொருளகத்தின் அருகே, குன்றின்மேல் நீலக் குவிமாடத்துடன் நிற்கும் இக்கட்டடம் 1994இல் திறக்கப்பட்டது.

கோளரங்கம் என்பது உலகுக்கே நூறாண்டுப் பழக்கம்தான். ஜெர்மனியில் மியூனிக் நகர அரும்பொருளகத்தை நிறுவிய ஆஸ்கர் ஃபான் மில்லர், வானத்தை உள்ளே கொண்டுவர வேண்டும் என்று சைஸ் நிறுவனத்தாரைக் கேட்டார். துளையிட்ட பெரிய இரும்பு உருண்டையைச் சுழற்றலாம் என்பது முதல் எண்ணம். சைஸ் பொறியியலாளர் வால்டர் பௌவர்ஸ்ஃபெல்ட் 1919இல் அதைத் தலைகீழாக்கினார். குவிமாடம் அசைய வேண்டாம், நடுவில் ஒரு விளக்குப் பொறி சுழன்றால் போதும் என்றார். உள்ளே விளக்கு, சுற்றிலும் நுண்துளையிட்ட தகடுகளும் கண்ணாடி வில்லைகளும். 1923 அக்டோபர் 21ஆம் நாள் மியூனிக்கில் சுமார் 4,500 விண்மீன்கள் பட்டப்பகலில் தோன்றின.

அந்த முதல் பொறிக்கு ஒரு குறை உண்டு. அது மியூனிக் வானத்தை மட்டுமே அறியும். 1926இல் வந்த இரண்டாவது வகைதான், இருமுனையிலும் உருண்டை வைத்த உலக்கை போன்றது, பூமியின் எந்த ஊர் வானத்தையும் காட்டியது. எங்கள் கருத்தில் முதலாவதைவிட இதுவே பெரிய வேலை. கல்கத்தா பிர்லா கோளரங்கத்தை 1963இல் நேரு முறைப்படி தொடங்கி வைத்தார். சென்னைக்கு 1988இல்தான் கிடைத்தது.

நாங்கள் உள்ளே போய்ச் சாய்ந்த நாற்காலிகளில் அமர்ந்தோம். விளக்கு மெல்ல அணைந்தது. பிள்ளைகள் "ஐயோ!" என்று ஒரே குரலில் கத்தினார்கள். இவ்வளவு விண்மீன்களை அவர்கள் பார்த்ததே இல்லை. நீலாய், சிரம்பான் பக்கம் தோட்டங்கள் குடியிருப்புகளாகி, 1998இல் சிப்பாங்கில் விமான நிலையமும் வந்தபின், இரவே வெளுத்துப் போயிற்று. பிப்ரவரி மாதத்து இரவொன்றைச் சில நிமிடங்களில் ஓட்டிக் காட்டினார்கள். அதிகாலை நான்கு மணிக்கு வடக்கே சப்தரிஷி, தெற்கே திரிசங்கு. திரிசங்கு என்பது மலாய்க்காரர்கள் திருக்கைமீன் என்று சொல்லும் அதே நான்கு விண்மீன்கள்தான். "இது பால்வெட்டுக்குப் போகிற நேரத்து வானம்" என்று பாட்டி உடனே சொல்லிவிட்டார். சப்தரிஷியில் வசிட்டர் பக்கத்தில் மங்கலாய் அருந்ததியும் தெரிந்தது. தம் கல்யாணத்தில் பகல் பதினோரு மணிக்குக் கூரையைத்தான் காட்டினார்கள் என்று பாட்டி சிரித்தார்.

காட்சி முடிந்ததும், நாகப்பட்டினத்து வானத்தைக் காட்ட முடியுமா என்று பொறியை இயக்கியவரிடம் கேட்டோம். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வானம் முழுவதும் மெதுவாகச் சாய்ந்தது. குவிமாடத்தின் வடக்கு விளிம்பிலிருந்து ஒரு விண்மீன், அவ்வளவு பிரகாசம் இல்லாதது, மேலே ஏறி நின்றது. நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி பாட்டி இருட்டில் கையை நீட்டி முட்டியை மடக்கிப் பார்த்தார்.

"ஒரு முட்டிதான்" என்றார். "அம்மா பொய் சொல்லல."

அடுத்த காட்சிக்கு ஆள் வந்துவிட்டதால் விளக்கைப் போட்டார்கள்.