குதிரை கற்பித்த பாடம்

மனத்தைக் கண்ணாற் காணவோ கையால் தொடவோ இயலாது. செயலைக் கண்டு, அதன் பின்னிருக்கும் எண்ணத்தை நாம் உய்த்துணர்கிறோம். அங்ஙனம் உணர்வதில் பிழை நேராமல் காப்பது எவ்வாறு? உளநூலாரை நெடுநாளாக வருத்தும் வினா இது. 1879ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளநூலுக்கென ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, அந்நாட்டுத் தலைநகரில் ஒரு குதிரையின் வாயிலாக இவ்வினாவுக்கு விடை கிடைத்தது. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியர் வாழ்ந்தார். விலங்குகட்கும் சிந்திக்கும் ஆற்றல் உண்டென்பது அவர் துணிபு. ஹான்ஸ் என்ற தம் குதிரைக்கு, பள்ளிப் பிள்ளைக்குக் கற்பிப்பதுபோலவே ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு கற்பித்தார். கூட்டல், கழித்தல், பின்னம் என எதைக் கேட்டாலும் ஹான்ஸ் காலால் தரையில் தட்டி விடை சொல்லிற்று. காண வந்தோரிடம் அவர் காசு பெற்றாரில்லை.

1904ஆம் ஆண்டில் பேராசிரியர் கார்ல் ஷ்டும்ப் முதலிய அறிஞர்களும், குதிரைகளைப் பழக்குவதில் தேர்ந்தோரும் ஒரு குழுவாகக் கூடி ஆராய்ந்தனர். சூதும் தந்திரமும் இல்லை என்பதே அவர்கள் முடிவு. ஆசிரியர் அருகில் இல்லாத வேளையிலும், பிறர் கேட்ட வினாவுக்குக் குதிரை சரியாக விடையளித்தது அன்றோ!

ஆயினும் ஷ்டும்ப்பின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அத்துடன் அமையவில்லை. எந்நிலையில் குதிரை வெல்கிறது, எந்நிலையில் தோற்கிறது என்று ஆராய்ந்தார். நிலைமைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். இருவர் ஆளுக்கோர் எண்ணைக் குதிரையின் காதில் ஓதி, இரண்டையும் கூட்டுமாறு பணித்தனர். ஒருவர் சொன்னதை மற்றவர் அறியார். ஆகவே கூட்டுத்தொகையை அறிந்தவர் எவருமில்லை. ஹான்ஸும் விடை தெரியாமல் விழித்தது. கேட்பவரைக் காணாதபடி கண்மறைப்புக் கட்டியபோதும் தடுமாறிற்று.

மருமம் விளங்கிற்று. வினாவைக் கேட்டவர், குதிரையின் காலை நோக்கித் தம்மையறியாமல் சிறிது குனிந்தார். சரியான எண் வந்ததும் அவர் தலை இம்மியளவு நிமிர்ந்தது. அந்த அசைவைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்தியது. கணக்கை அறியாவிடினும் மனிதரின் மெய்ப்பாட்டை அது நுட்பமாக அறிந்திருந்தது. ஃபுங்ஸ்ட் தம் ஆய்வை 1907ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வயது முதிர்ந்த ஆசிரியரோ மனமுடைந்து 1909ஆம் ஆண்டில் காலமானார்.

அவர் பொய்யர் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது. நேர்மை ஒன்றே பிழையினின்று காவாது என்பதே இங்குள்ள படிப்பினை. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் ரோசென்தாலும் அவருடைய துணைவரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தம் எலிகள் அறிவுமிக்கவை என்று மாணவர் சிலருக்கும், மந்தமானவை என்று வேறு சிலருக்கும் கூறப்பட்டது. உண்மையில் எலிகளிடையே அத்தகைய வேறுபாடு இல்லை. எனினும் நம்பிக்கைக்கு ஏற்பவே முடிவும் அமைந்தது.

ஆதலின், இன்று புதிய மருந்தைச் சோதிக்கும்போது, எவருக்கு மருந்து, எவருக்கு வெறும் மாத்திரை என்பதை நோயாளியிடமிருந்து மட்டுமன்றி, பல சமயங்களில் மருத்துவரிடமிருந்தும் மறைத்து வைக்கிறார்கள். இதனை ஐயத்தின் அடையாளமாக நாம் கொள்ள வேண்டுவதில்லை. நல்லெண்ணம் கொண்டோரை அவர்தம் விருப்பத்தினின்றே காக்கும் வேலி அது.