நடுவட்டத்துச் சீனர்கள் யாரை விருந்துக்கு அழைத்திருப்பார்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கல் முடிந்து ஐந்து வாரங்களுக்குள் சீனப் புத்தாண்டு வந்துவிடும். அது அமாவாசைக் கணக்கு. முந்தின இரவு குடும்பம் முழுக்கக் கூடிச் சாப்பிட வேண்டும். பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் பணம் தர வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இதெல்லாம் பழக்கம்.

நம் நீலகிரியிலும் சீனர்கள் இருந்தார்கள். ஆனால் விருந்தாளியாக வந்தவர்கள் அல்ல, கைதிகள்.

1860-களில் பினாங்கு, சிங்கப்பூர் பக்கத்துச் சிறைகளில் இடம் போதவில்லை. அங்கிருந்த சீனக் கைதிகளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். அதே காலத்தில் இங்கே மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவுக்காகச் சிங்கோனா மரம் நட்டுக்கொண்டிருந்தது அரசு. தோட்டத்துக்கு ஆள் வேண்டும். நடுவட்டத்தில் அவர்களை அடைத்து வைத்து வேலை வாங்கினார்கள். லவ்டேல் லாரன்ஸ் பள்ளிக் கட்டட வேலையிலும் அவர்கள் உழைப்பு உண்டு. நடுவட்டச் சிறைக் கட்டடத்தை இன்றும் டான்டீ தேயிலைத் தொழிற்சாலையோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். நம்மவர்களை அங்கே அனுப்பிக் கட்டடம் கட்ட வைத்த அதே ஆட்சி, அங்கிருந்த சீனர்களை இங்கே அனுப்பி மரம் நட வைத்தது.

1868-ல் ஒரு புயல் இரவில் 12 சீனர்கள் தப்பி ஓடினார்கள். இரண்டு வாரம் கழித்து மலபாரில் பிடிபட்டார்கள். அவர்களைத் தேடிப் போன நான்கு காவலர்கள் சிஸ்பாரா மலைப்பாதையில் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். மாவட்டக் குறிப்பேட்டில் சீனர்களைப் பற்றி விரிவாக இருப்பது இந்தக் கதைதான்.

தண்டனை முடிந்து சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே மலைச்சரிவில் காய்கறியும் காப்பியும் பயிரிட்டார்கள். ஒடுக்கப்பட்ட சாதித் தமிழ்ப் பெண்களோடு குடும்பம் நடத்தினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பார்த்தார். 1909-ல் வந்த தென்னிந்தியச் சாதிகள் பற்றிய அவருடைய ஏழு தொகுதி நூலில் அது பதிவாகியிருக்கிறது. பிள்ளைகளின் நிறம் என்ன, கண் எப்படி என்றெல்லாம் எழுதினார். கிறிஸ்தவராக மாறியபோது சடையை வெட்ட வேண்டியதாயிற்றே என்று ஒரு தகப்பன் குறைப்பட்டதையும் எழுதினார். அந்த வீட்டில் எந்தப் பண்டிகைக்கு என்ன சமைத்தார்கள் என்று மட்டும் எழுதவில்லை. அந்தத் தமிழ்ப் பெண்களின் பெயரும் இல்லை.

கல்கத்தாவில் கதை வேறு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோங் அச்யூ என்ற சீனர் ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். ஊருக்கே அச்சிப்பூர் என்று அவர் பெயர் வந்தது. அங்கே அவர் கல்லறை இருக்கிறது, கோயில் இருக்கிறது. இன்றும் கல்கத்தாச் சீனர்கள் புத்தாண்டையொட்டி அங்கே போய் ஊதுபத்தி ஏற்றிப் படையல் வைத்துக் கும்பிடுகிறார்கள். 1962 போருக்குப் பின் சீன வம்சாவளியினர் பலரை ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். பலர் நாட்டை விட்டே போனார்கள். அப்படியும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

ஏன் அங்கே நின்றது, இங்கே நிற்கவில்லை? வகுப்பில் நான் இந்தக் கேள்வியைக் கேட்பதுண்டு. என் பதில் இதுதான். பண்டிகைக்குப் பலகாரம் மட்டும் போதாது. நாள் குறிக்க ஒரு பெரியவர், படையல் வைக்க ஒரு சமாதி, கதவைத் தட்ட ஒரு பங்காளி வேண்டும். கல்கத்தாவில் கோயில் கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள். நடுவட்டத்துக்கு வந்தவர்கள் தனி ஆண்கள், அதுவும் விலங்கோடு.

அந்தப் பிள்ளைகளின் வாரிசுகள் இன்று நம்மோடு தமிழராகக் கலந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். கூடலூர், பைக்காரா, நடுவட்டம் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சீனத் தாத்தா பற்றி ஒரு வரி கிடைத்தாலும் இங்கே எழுதுங்கள். அந்தப் பாட்டிமார் பெயர் கிடைத்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்