ஓடுதடத்தின்ர கேற்றைத் திறந்து விட்டவர்

காலமை ஐந்தரை. கம்பஸுக்குப் போக முந்திக் கொஞ்சம் ஓடுவம் எண்டு வெளிக்கிட்டால், எங்கட ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தின்ர கேற்றில பெரிய பூட்டு. உள்ளுக்குள்ள சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுதடம் ஆளில்லாமல் கிடக்குது. நாங்கள் றோட்டில, பஸ்ஸுக்கும் நாய்க்கும் நடுவில ஓடுறம். என்னோட ஓடின சிநேகிதி ஒருத்தி இதாலயே ஓட்டத்தை விட்டிட்டாள். கேட்டால், "பிள்ளையளின்ர இடம், வெளியாக்களை விடேலாது" எண்டு பதில்.

இந்தப் பூட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 'ஜொகிங்' அமெரிக்காவில் பரவிய கதையே ஒரு ஓடுதடத்தில்தான் தொடங்குகிறது.

1962 இன் கடைசியில் ஒரேகன் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் பில் பவர்மன் தன் ஓட்ட வீரர்களோடு நியூசிலாந்துக்குப் போனார். அங்கே ஆர்தர் லிடியார்ட், ஒக்லன்ட் நகரில் சாதாரண மக்கள் கூடி ஓடும் கழகம் ஒன்றுக்கு அவரைக் கூட்டிச் சென்றார். எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்பு வந்து தப்பிய ஒரு முதியவருக்குக்கூட ஐம்பத்தொரு வயதுப் பவர்மனால் ஈடுகொடுக்க முடியவில்லை. உலகத்தரமான வீரர்களைப் பழக்கியவர் மூச்சு வாங்கி நிண்டார்.

ஊர் திரும்பியதும், 1963 இன் தொடக்கத்தில், யூஜின் நகர மக்களை ஹேவேர்ட் ஃபீல்டுக்கு வரச் சொன்னார். 1921 இலிருந்து பல்கலைக்கழக வீரர்கள் ஓடிய தடம் அது. முதலில் கொஞ்சப் பேர்தான். சில கிழமைக்குள் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. யாராவது விழுந்து செத்துப் போவார்களோ எண்டு பவர்மன் பயந்தார். கூட்டத்தை நிறுத்தினார்.

ஆனால் அதோட விடவில்லை. இதய மருத்துவர் வால்டோ ஹரிஸுடன் சேர்ந்து, நடுத்தர வயதினரைச் சிறு குழுக்களாக, மெதுவாகத் தொடங்கவைத்துப் பார்த்தார். அந்த அனுபவம் 1967 இல் 'ஜொகிங்' எண்ட புத்தகமாக வந்து, பத்து லட்சம் பிரதிகள் வரை விற்றது.

பவர்மனுக்கு வந்த பயம் எங்கட அதிபர்மாருக்கும் வரும். அது நியாயம்தான். பிள்ளைகளின் பாதுகாப்பு விளையாட்டில்லை. ஆனால் பயத்துக்கு அவர் கண்ட மருந்து ஒழுங்கு; நாங்கள் கண்டது பூட்டு. பாடசாலை தொடங்க முந்தி ஒரு மணித்தியாலம், பெயர் பதியிற கொப்பி ஒண்டு, திறப்புக்குப் பொறுப்பாய்ப் பழைய மாணவர் ஒருத்தர். இவ்வளவும் போதும்.

இதை எழுதி, அடுத்த கிழமை திரும்பவும் கேட்கப் போறம். சிநேகிதியும் வாறாளாம்.