பரமார்த்த குருவும் பின்பக்கக் குறிப்புகளும்

பரமார்த்த குரு கதை கேக்காம வளர்ந்தவங்க நம்மூர்ல ரொம்பக் கம்மி. தூங்குற ஆத்தைக் கொள்ளிக்கட்டையால தொட்டுப் பார்க்குறது, பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு நம்புறது, தன்னை விட்டுட்டு எண்ணி "ஒரு ஆளைக் காணோமே"ன்னு அழுவுறது... எல்லாம் அதுலதான். ஆனா எழுதினது யாருன்னு கேட்டா, பாதிப் பேர் "அது பாட்டி கதை" என்பார்கள்.

எழுதியவர் வீரமாமுனிவர். 1710-ல் இந்தியா வந்த இத்தாலியப் பாதிரியார். எங்க தூத்துக்குடி மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் பணி செய்தவர். 1740-களில் முத்துக்குளித்துறைப் பக்கம் மணப்பாட்டிலும் இருந்திருக்கிறார்.

பழைய சிறுவர் புத்தகங்களில் உரையும் குறிப்பும் உள்ள பதிப்புகளாகத் தேடிச் சேர்ப்பது என் பழக்கம். குறிப்பு இல்லாத பழைய புத்தகம், கமெண்ட் இல்லாத பழைய ப்ரோகிராம் மாதிரி. ஓடும். ஆனா ஏன் அப்படி எழுதினாங்கன்னு தெரியாது.

இந்த வரிசையில் ராஜா, 1822-ல் லண்டனில் வந்த பரமார்த்த குரு பதிப்பு. அசலை வாங்க நம்ம சம்பளம் பத்தாது; ஸ்கேன்தான். பதிப்பித்தவர் பெஞ்சமின் பாபிங்டன், சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். பின்னாளில் மருத்துவராகி, 1829-ல் தொண்டைக்குள் பார்க்கும் கண்ணாடிக் கருவியைச் செய்து காட்டியவரும் இவரேதான்! தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பொருள் பட்டியல் எல்லாம் உண்டு. முதல் கதையை மட்டும் இலக்கணப்படி பிரித்து மேய்ந்திருக்கிறார்.

சிரிப்புக் கதைக்கு எதுக்குய்யா இலக்கணம்? விஷயமே அங்கதான் இருக்கு. முனிவர் இதைப் பிள்ளைகளுக்காக எழுதவில்லை. புதுசாக வந்து இறங்கும் பாதிரிமார் தமிழ் படிக்க எழுதினார். அதனால்தான் அவ்வளவு எளிய உரைநடை. செய்யுளே கோலோச்சிய காலத்தில் வந்த தமிழ் உரைநடைக் கதை இது. பாடப்புத்தகமாகப் பிறந்து, பிறகுதான் நம்ம பிள்ளைகள் கைக்கு வந்தது.

இன்னொரு கேள்வியும் உண்டு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று சீடர்களுக்குப் பெயர் வைத்தது, மடங்களையும் குருமார்களையும் கேலி செய்யத்தானே? ஒரு பாதிரியார் எழுதியது என்பதால் இந்தச் சந்தேகத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. அதே நேரம், தன்னை எண்ணாமல் விடும் முட்டாள் கதை இங்கிலாந்தின் கோத்தம் ஊர்க்காரர்களைப் பற்றியும் உண்டு. குருவே இல்லாத ஊரிலும் அதே சிரிப்பு! என்னைக் கேட்டால், ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும். ஆசிரியர் பேரே இல்லாமல் வரும் மலிவுப் பதிப்புகளில் முனிவருக்குச் சேரவேண்டிய பெருமையும் போச்சு, அவரிடம் கேட்கவேண்டிய கேள்வியும் போச்சு.

பிள்ளைகள் புத்தகத்துக்கும் இந்தக் கரைக்கும் உறவு இன்னும் பழசு. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றிக் அடிகளார் 1579-ல் கொச்சியில் அச்சிட்ட 'கிரிசித்தியானி வணக்கம்', போர்ச்சுகலில் மார்கோஸ் ஜோர்ஜ் சிறுவர்களுக்குச் சொல்லித்தர எழுதிய கேள்வி-பதில் நூலின் தமிழாக்கம். தமிழில் அச்சேறிய ஆரம்ப நூல்களிலேயே பிள்ளைகளுக்கு ஒரு பங்கு இருந்திருக்கு பாருங்க. அன்றிக் அடிகளாரின் நூல்களை 1960-களில் ச. இராசமாணிக்கம் அடிகள் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். வெளியிட்டது தூத்துக்குடி தமிழ் இலக்கியக் கழகம். உப்புக்கும் மக்ரூனுக்கும் மட்டுமில்ல, இதுக்கும் எங்க ஊர் பேர் சொல்லலாம் :-)

உங்க வீட்டுப் பரணில் பழைய கதைப்புத்தகம் ஏதும் கிடந்தா, பழைய பேப்பர்காரருக்குப் போடுறதுக்கு முன்னாடி முன்னுரையையும் பின்பக்கக் குறிப்பையும் ஒரு தடவை புரட்டிடுங்க. கதை வேற பதிப்பிலும் கிடைக்கும். அந்தக் குறிப்பு கிடைக்காது.