கல்முனைக் கரையும் பொருந்தாத பிளக்குகளும்

அம்பாறை மாவட்டத்தின் கரையோர முஸ்லிம் ஊர்களில், கையிலுள்ள பிளக் சுவரிலுள்ள பொயின்டில் ஏறாமற் போவது மின்வாகனத்தோடு வந்த சங்கடமன்று. மருதமுனை முதல் பொத்துவில் வரை, நாட்டின் ஏனைய பகுதிகளைப் போலவே, வீடுகளில் இரண்டு வகைப் பொயின்டுகள் நெடுங்காலம் இருந்துவந்தன. உருண்டைப் பின் கொண்ட 5 அம்பியர், 15 அம்பியர் பொயின்டுகள் பிரிட்டனின் பழைய பி.எஸ். 546 நியமத்தைச் சேர்ந்தவை. சதுரப் பின் கொண்ட 13 அம்பியர் பொயின்ட், அதே நாடு 1947இல் வகுத்த பி.எஸ். 1363 நியமத்தைச் சேர்ந்தது. பிரிட்டனில் வீட்டுப் பாவனைக்குப் பின்னது நிலைத்துவிட்டது. இலங்கையிலோ இரண்டும் ஒரே வீட்டிலேயே கூடியிருந்தன.

1970களின் பிற்பகுதியில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவது பெருகியபோது சிக்கலும் வளர்ந்தது. சவூதி அரேபியாவில் அக்காலத்தில் 127 வோல்ட், 220 வோல்ட் என இருவகை மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் ஓடியது. இலங்கையில் ஓடுவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 127 வோல்ட்டுக்கான கருவியின் பிளக்கை மட்டும் மாற்றி இங்கே செருகினால் அது எரிந்துபோகும். ட்ரான்ஸ்போர்மர் வைத்தே பாவிக்க வேண்டும். பின் பொருந்துவது ஒன்று, உள்ளே ஓடும் மின்சாரம் பொருந்துவது வேறொன்று. மின்கார் விடயத்திலும் மக்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

சுவர்ப் பொயின்டுக்கு ஒரு முடிவைக் கண்டது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 13 அம்பியர் சதுரப் பின்னே நாட்டின் ஒரே நியமம் என்று தீர்மானிக்கப்பட்டு, ஏனைய வகைகளின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை 2018 ஓகஸ்ட்டுடன் தடைசெய்யப்பட்டன. ஏற்கெனவே வயரிங் செய்த வீடுகள் மாறிக்கொள்ள 2038 வரை அவகாசம் தரப்பட்டது. பழைய வீட்டுச் சுவரை ஒரே நாளில் உடைக்கச் சொல்லாமல் இருபது ஆண்டுகள் கொடுத்தது நிதானமான ஏற்பாடு.

அந்தத் தீர்மானத்துக்குச் சில ஆண்டுகள் முன்பே மின்கார் நாட்டுக்குள் வந்துவிட்டது. வரி குறைவாக இருந்த 2014, 2015 காலப்பகுதியில் வந்தவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிய நிசான் லீஃப். 2015 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் வரியை உயர்த்தியதும் அந்த வரவு அடங்கியது. ஜப்பானியருக்காகச் செய்யப்பட்ட அந்தக் காரின் முகப்பில் இரண்டு வாய்கள் உண்டு. சிறியது டைப் 1. வீட்டு ஏசி மின்சாரத்தை மெதுவாக ஏற்றுவதற்கு. பெரியது சாடெமோ; டிசி மின்சாரத்தை வேகமாக ஏற்றுவதற்கு. நிசான், மிட்சுபிஷி, டோக்கியோ மின்சாரக் கம்பனி முதலியவை சேர்ந்து 2010இல் அமைத்த சங்கத்தின் நியமம் அது. காரோடு வந்த கேபிளின் மறுமுனையில் இருந்ததோ ஜப்பானின் 200 வோல்ட் பிளக். இலங்கைச் சுவரில் அதற்கு இடமில்லாததால் முனையை மாற்றியே ஆக வேண்டியிருந்தது.

மாற்றிய பிறகும் கவனிக்க வேண்டியது ஒன்று இருந்தது. லீஃப் வீட்டில் ஏற்றும்போது 3.3 கிலோவாட் வரை, ஏறத்தாழ 14 அம்பியர், எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். கேத்தல் சில நிமிடம் இழுத்து ஓய்வதைப் போன்றதன்று இது. 13 அம்பியர் பொயின்ட் அதற்காகச் செய்யப்பட்டதன்று. தளர்ந்த பொயின்டாக இருந்தால் சூடேறி உருகும். கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் நெருங்கி நிற்கும் சாய்ந்தமருது, கல்முனைக்குடி போன்ற ஊர்களில், கார் நிறுத்த முற்றமில்லாதவர் எக்ஸ்டென்ஷன் வயரைத் தெருவுக்கு இழுப்பது இன்னும் ஆபத்து. பொது மின்னேற்றல் நிலையத்தின் தேவை இவ்வூர்களில் கொழும்பைவிடக் குறைந்ததன்று.

தூரமும் அதையே சொல்கிறது. அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதை கிடையாது. மட்டக்களப்புக்குப் போய்த்தான் ஏற வேண்டும். கல்முனையிலிருந்து கொழும்பு 350 கிலோமீட்டருக்கு அப்பால். 24 கிலோவாட்-மணி பெட்டரியுள்ள முதல் லீஃப், அமெரிக்க அளவீட்டின்படி, முழு ஏற்றத்தில் 117 கிலோமீட்டர் ஓடியது. பெட்டரி பழசானால் அதுவும் இல்லை. வழியில் குறைந்தது மூன்று முறை நிறுத்தி ஏற்ற வேண்டிய பயணத்தில், ஓரிடத்தில் நிலையத்துக் கேபிளின் தலை காரின் வாயில் பொருந்தாவிட்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி எல்லோரையும் மின்சாரத்தின் பக்கம் திருப்பிப் பார்க்கவைத்தது. ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாயானது. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் முறை வந்தது. அதே ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டும் இருந்ததை மறக்கக் கூடாது. டொலர் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, வங்கி வழியாகப் பணம் அனுப்பும் வெளிநாட்டுத் தொழிலாளர் அப்பணத்தின் பாதி பெறுமதிக்கு மின்வாகனம் இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது. வீட்டுக்கு வீடு வளைகுடாவில் ஆள் இருக்கும் இந்தக் கரைக்கு நேரடியாகத் தொடர்புள்ள திட்டம் அது. 2020இல் நிறுத்தப்பட்டிருந்த பொதுவான கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தபோது பிவைடி முதலிய சீன நிறுவனங்களின் கார்கள் வரிசையாக வந்தன.

புதியவற்றின் வாய் வேறு. முகவர் வழியாக வருபவற்றில் பெரும்பாலும் ஐரோப்பா 2014இல் கட்டாயமாக்கிய வாய்கள் இருக்கும்: ஏசிக்கு டைப் 2, டிசிக்கு சிசிஎஸ்2. சீனச் சந்தைக்கென்று செய்யப்பட்ட கார் துபாய் போன்ற இடங்களைச் சுற்றி வந்தால் சீன நியமமான ஜிபி/டி வாயோடு வரும். ஜிபி/டி ஏசி தலை டைப் 2 போலவே தோன்றும். ஆனால் பின்னும் துளையும் இடம் மாறியிருப்பதால் ஒன்று மற்றதில் ஏறாது.

இவற்றில் எதை அடப்டரால் தீர்க்கலாம், எதைத் தீர்க்க முடியாது என்பதை வாங்குமுன் அறிந்துகொள்வது பயனுள்ளது. ஏசி மின்னேற்றத்தில் கார், எத்தனை அம்பியர் இழுக்கலாம் என்பதை ஓர் எளிய மின்சமிக்ஞை மூலமே அறிந்துகொள்கிறது. டைப் 1, டைப் 2 இரண்டிலும் அது ஒன்றே. ஆகவே பழைய லீஃப்காரர் டைப் 2 நிலையத்தில் சரியான கேபிளோடு தயக்கமின்றி ஏற்றலாம். டிசி அப்படியன்று. அங்கே நிலையமும் காரும் வோல்ட், அம்பியர், பெட்டரி நிலை முதலியவற்றை நொடிக்கு நொடி பரிமாறிக்கொள்கின்றன. சாடெமோவும் ஜிபி/டியும் இதற்குக் கேன் எனும் தனி வயர் முறையைக் கையாள்கின்றன. சிசிஎஸ்2, கட்டுப்பாட்டு வயரின் மேலேயே அதிவேகச் செய்திகளை ஏற்றி அனுப்புகிறது. இரண்டையும் இணைக்க உள்ளே கணினி வைத்த விலையுயர்ந்த அடப்டர் வேண்டும். மலிவான உலோகத் தலை உதவாது.

மின் ஸ்கூட்டர்களில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. ஈய அமிலப் பெட்டரி கொண்ட சீன ஸ்கூட்டர்கள் 48, 60, 72 வோல்ட் எனப் பலவகை. ஆனால் சார்ஜரின் முனை பலவற்றிலும் ஒரே வடிவம். 48 வோல்ட் வண்டிக்கு 72 வோல்ட் சார்ஜர் இலகுவாக ஏறிவிடும், பெட்டரி கொதித்துப் பாழாகும். சார்ஜரின் மேல் எழுதிய வோல்ட்டைப் பார்க்காமல் அயல்வீட்டாரிடம் இரவல் வாங்கி ஏற்றக் கூடாது.

சுவர்ப் பொயின்டுக்கு ஒரே நியமம் வகுத்த நாடு பொது மின்னேற்றல் நிலையத்துக்கும் அதைச் செய்ய முடியும். பழைய கார்களுக்கு அவகாசமும் கொடுக்க முடியும். அதுவரை கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று போன்ற ஊர்களில் நிலையம் அமைப்போர் சிசிஎஸ்2, சாடெமோ இரண்டு தலைகளையும் ஒரு டைப் 2 பொயின்டையும் வைத்து, எவை உள்ளன என்பதை வாசற்பலகையில் தமிழில் எழுதிவைக்க வேண்டும்.